சாம் தம்பிமுத்துவும் நம் அலுமாரிகளும்

சட்டத்தரணி ஒருவர் காலமானால் நம் நீதிமன்றங்களில் நடப்பதை வாசகர்கள் அறிவர். வழக்குகள் அழைக்கப்படுமுன் இரங்கலுரை நடக்கும். மூத்தவர் ஒருவர் எழுந்து மறைந்தவர் படித்த பாடசாலை, சத்தியப்பிரமாணம் செய்த ஆண்டு, வகித்த பதவிகள் என்று வரிசையாகச் சொல்வார். நீதிபதி பதிலுரைப்பார். உரைகளின் பிரதி குடும்பத்தாருக்குப் போகும். நல்ல வழக்கம், அது தொடரட்டும். ஆனால் அந்த அமர்வில் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அவருடைய கோப்புகள் இப்போது யாரிடம் இருக்கின்றன?

மட்டக்களப்பில் மே மாதம் வரும்போது இக்கேள்விக்குக் கனம் கூடுகிறது. 1990 மே 7 ஆம் திகதி கொழும்பில், கனடா உயர்ஸ்தானிகராலயத்தின் முன்னால், சட்டத்தரணி சாம் தம்பிமுத்து சுட்டுக் கொல்லப்பட்டார். கூடவிருந்த மனைவி கலா படுகாயமடைந்து சில நாட்களில் உயிர்நீத்தார். அப்போது சாம் மட்டக்களப்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர். இந்திய அமைதிப்படை நாட்டை விட்டுப் புறப்பட்டு ஆறு வாரங்களே ஆகியிருந்தன. அரசும் விடுதலைப் புலிகளும் பேசிக்கொண்டிருந்தனர். கொலைக்கான பொறுப்பு புலிகள் மீதே சுமத்தப்பட்டது. அடுத்த ஐந்து வாரங்களில் பேச்சு முறிந்து மீண்டும் போர் மூண்டது. அந்தப் பெருந்துயரத்துக்குள் ஒரு சட்டத்தரணிக்கான துக்கமும் கரைந்துபோயிற்று.

பாராளுமன்ற ஆசனம் அவருக்கு 1989 இல் கிடைத்தது. அதற்கு முன்பே ஊர் அவரை மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவராக அறிந்திருந்தது. எண்பதுகளில் வடக்குக் கிழக்கின் நகரங்களில் பாதிரிமார், ஆசிரியர்கள், வர்த்தகர்கள், சட்டத்தரணிகள் சேர்ந்து இத்தகைய குழுக்களை அமைத்தார்கள். சுற்றிவளைப்பில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு முதலில் தட்டக்கூடிய கதவு அதுதான். பெயர், வயது, ஊர், பிடித்த நாள், வந்த வாகனம், எந்த முகாம் என்று கேட்டு எழுதுவதும், அந்தத் தாளோடு அதிகாரிகளிடம் போய் நிற்பதும், பதில் வராதபோது வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் அதையே சொல்வதும் குழுவின் வேலை. செய்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. குழுவின் முன்னணியில் நின்ற சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 அன்று புனித மரியாள் ஆலய வளாகத்திலேயே சுடப்பட்டு இறந்தார்.

நீதிமன்றம் இருக்கும் நகரில் சட்டத்தரணி ஏன் நீதிமன்றத்துக்கு வெளியே பட்டியல் எழுத வேண்டியிருந்தது என்று இளைய சட்டத்தரணிகள் கேட்கக்கூடும். அக்காலச் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 18 மாதம் வரை தடுத்துவைக்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. (அது நிறைவேறியபோது நீதி அமைச்சராக இருந்தவர் நம் கல்குடாத் தொகுதியின் கே. டபிள்யூ. தேவநாயகம், அவரும் சட்டத்தரணி என்பதையும் நம் சட்டத்தரணிகள் சங்க வரலாற்றில் மறைக்காமல் எழுதவேண்டும்.) 1983 இல் வந்த அவசரகால விதி 15அ, மரண விசாரணையின்றியே சடலத்தை அப்புறப்படுத்த வழிவிட்டது. ஆட்கொணர்வு மனுவென்றாலும் அடிப்படை உரிமை மனுவென்றாலும் 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்குத்தான் போகவேண்டியிருந்தது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். இறந்தவராலோ மனுப் போட முடியாது. அவர் சார்பில் குடும்பத்தார் வரலாம் என்று உயர் நீதிமன்றம் சிறியாணி சில்வா வழக்கில் ஏற்றுக்கொண்டது 2003 இல்தான்.

இந்தப் பின்னணியில் 1987 ஜனவரி 28 ஐ எடுத்துக்கொள்வோம். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையை ஒட்டிய மகிழடித்தீவில் விசேட அதிரடிப்படை நடவடிக்கை ஒன்றில் இறங்கியது. அங்கிருந்த இறால் பண்ணை அழிந்தது. பண்ணை ஊழியர்கள் 20 க்கு மேற்பட்டோரும் சுற்றியிருந்த ஊரவரும் கொல்லப்பட்டனர். மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக 80 க்கு மேல் என்று பிரஜைகள் குழு கணக்குச் சொன்னது. வாவியின் குறுக்கே மண்முனையில் பாலம் வந்தது 2014 இல்தான். 1987 இல் படுவான்கரை ஆட்கள் பாதை எனப்படும் படகேறி வாவியைக் கடந்து வந்துதான் ஒரு பெயரைச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லப்பட்ட பெயர்களே அந்தக் கணக்கு.

அதே நாளின் அதே அழிவு வேறொரு மன்றத்துக்கும் போயிற்று. பண்ணையை நடத்திய செரண்டிப் சீஃபூட்ஸ் கம்பனியில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் நிறுவனம், பிரித்தானியாவும் இலங்கையும் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, உலக வங்கியைச் சார்ந்த முதலீட்டுப் பிணக்குத் தீர்ப்பு மையத்தில் இலங்கை மீது வழக்குத் தொடுத்தது. பண்ணை போராளிகளின் தளமாக இருந்தது என்று அரசு வாதிட்டது. 1990 ஜூன் 27 அன்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பண்ணையை அழித்தது அரச படைதான் என்பது நிரூபிக்கப்படவில்லை; ஆயினும் நடவடிக்கைக்கு முன் எடுத்திருக்கக்கூடிய முன்னெச்சரிக்கைகளை அரசு எடுக்கத் தவறியது; ஆகவே 460,000 அமெரிக்க டொலரும் வட்டியும் கொடுக்கவேண்டும் என்றது தீர்ப்பு. ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் எதிர் இலங்கை என்ற இந்த வழக்கை உலகெங்கும் முதலீட்டுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தமொன்றின் மீது அந்த மையத்தில் பிறந்த முதல் தீர்ப்பு அது.

சாம் கொல்லப்பட்டு ஏழு வாரங்களின் பின் அத்தீர்ப்பு வந்தது. மகிழடித்தீவின் இறாலுக்கு வாஷிங்டனில் ஒரு மன்றம் இருந்தது. அங்கே செத்த மனிதருக்கு மிஞ்சியது மட்டக்களப்பில் எழுதப்பட்ட பட்டியல். முதலீட்டாளரின் உரிமை சிறியது என்று நாம் சொல்லவரவில்லை. கம்பனியிடம் கணக்கேடு இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார். ஊரவரிடம் கணக்கேடு இல்லாததால் யாராவது ஒருவர் அதை எழுதவேண்டியிருந்தது. சாம் தம்பிமுத்துவும் அவரது தோழர்களும் அந்தக் கணக்கேட்டை எழுதினார்கள். மன்றம் இல்லாத காலத்தில் என்றோ வரக்கூடிய மன்றத்துக்காக ஆவணம் தயாரிப்பதும் நம் தொழிலே. அவரிடமிருந்து இவ்விதழ் எடுத்துக்கொள்ளும் பாடம் இது.

அவரைக் குறையில்லாதவராக வரைந்தால் அது நினைவுகூரல் ஆகாது. 1989 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிப் பட்டியலில், இந்தியப் படையின் நிழலில் இயங்கிய ஈ.பி.ஆர்.எல்.எஃப். சார்பானவராக அவர் நின்றார். அவ்வியக்கம் அவ்வாண்டில் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்தது. காணாமற்போன பிள்ளைகளுக்காக முகாம்களுக்கு ஏறி இறங்கியவர் அந்த அணியில் ஏன் இருந்தார் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்திருந்தால் நண்பர்கள் அதை அவரிடமே கேட்டிருப்பார்கள். கொலை அந்த வாய்ப்பையும் சேர்த்துப் பறித்துவிட்டது.

அவர் போனபின் வந்த மாதங்கள் இம்மாவட்டத்தின் மிகக் கொடியவை. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலைகள். அடுத்த நாட்களில் ஏறாவூர்ப் படுகொலை. செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். 9 இல் சத்துருக்கொண்டான் படுகொலை. சமாதானக் குழுவில் இயங்கிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமற்போனார். அந்நாட்களிலும் எழுதும் கை முற்றாக நின்றுவிடவில்லை. வந்தாறுமூலை முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் 158 பேர் என்று இன்றைக்கும் துல்லியமாகச் சொல்ல முடிகிறதென்றால், முகாமைக் கவனித்த பல்கலைக்கழகத்தார் பெயர்களை விடாமல் பேணியதே காரணம். நான்கு ஆண்டுகளின் பின் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டபோது அந்தப் பெயர்கள் சாட்சியமாகின.

எழுதி வைத்தது நீதிமன்றத்திலும் உதவும் என்பதற்குச் சட்டத்திலேயே ஆதாரம் உண்டு. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32(2) ஆம் பிரிவின்படி, இறந்துபோன ஒருவர் தம் தொழில் கடமையைச் செய்கையில் எழுதிய குறிப்பு ஏற்புடைய சாட்சியமாகலாம். வாடிக்கையாளர் சட்டத்தரணியிடம் சொன்னது உண்மையென்று அக்குறிப்பு மட்டும் நிறுவாது. கேள்விச் சாட்சியத் தடை அங்கே குறுக்கே நிற்கும். ஆனால் இன்ன திகதியில் இன்ன முறைப்பாடு வந்தது என்பதை அது காட்டும். முறைப்பாடு தாமதமாகப் புனையப்பட்டது என்பதே காணாமற்போனோர் வழக்குகளில் எதிர்த்தரப்பின் முதல் அம்பு என்பதை இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1994 இல் லீடா வயலட் வழக்கில், ஆளைக் கொண்டுவர முடியாத ஆட்கொணர்வு மனுவிலும் பொறுப்பாளிகளைப் பணம் செலுத்தும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் பணித்தது. முப்பது ஆண்டு கழித்தும் ஒரு மனு நிற்குமா விழுமா என்பது திகதியிட்ட ஒரு தாளைப் பொறுத்திருக்கலாம்.

இனி நம் அலுமாரிகளுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் நொத்தாரிசும்கூட. நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி உறுதிகளின் இரண்டாம் பிரதி மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. நொத்தாரிசு இறந்தால் அவர் வைத்திருந்த மூலங்களைக் கையில் வைத்திருப்பவர் காணிப் பதிவாளரிடம் ஒப்படைத்தாகவேண்டும். கால் ஏக்கர் தென்னந்தோட்டத்தின் உறுதிக்குச் சட்டம் இவ்வளவு காவல் போட்டிருக்கிறது. அதே அலுவலகத்தின் அடுத்த தட்டில் இருக்கும் ஆட்கொணர்வு மனுக்கோப்புக்கு எந்தக் காவலும் இல்லை. சட்டத்தரணி இறந்த வருடமோ அடுத்த வருடமோ வீட்டைத் திருத்தும்போது அது பழைய கடதாசிக் கடைக்குப் போகும். பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. அதில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கோப்பைக் காப்பதென்றால் அதைத் திறந்து போடுவது என்று பொருளாகாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு தரும் தொழில்சார் இரகசியக் காப்பு வழக்கு முடிந்தபின்னும் தொடர்கிறது. வாடிக்கையாளரின் சம்மதமின்றி உள்ளடக்கத்தை எவரும் வெளியிட முடியாது. 2016 இன் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கோப்பை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. அரச அலுவலகங்கள் மீது குடும்பங்களுக்கு இருக்கும் அவநம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. 1993 இல் இம்மாவட்டத்தில் கைதாகி, குற்ற ஒப்புதல் ஒன்றையே கொண்டு தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போய் வென்றும், 2006 இல் நம் உயர் நீதிமன்றத்தில் பயனற்றுப் போனதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எனவே நம் முன்மொழிவுகள் எளியவை. முதலாவது, ஒவ்வொரு சட்டத்தரணியும் தமக்குப்பின் கோப்புகளைப் பொறுப்பேற்கும் சக சட்டத்தரணி ஒருவரை எழுத்தில் நியமிக்கவேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதி சங்கச் செயலாளரிடம் இருக்கவேண்டும். இரண்டாவது, நியமனம் செய்யாமல் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளுக்குள் சங்கத்தின் சார்பில் இருவர் குடும்பத்தாரின் அனுமதியோடு கோப்புகளைப் பார்க்கவேண்டும்: நடப்பு வழக்குகளை வாடிக்கையாளர் விரும்பும் சட்டத்தரணிக்கு மாற்றி, மூல ஆவணங்களை உரியவரிடம் கொடுத்து, தடுப்புக்காவல், மரண விசாரணை, காணாமற்போதல் தொடர்பானவற்றைத் தனியே எடுத்து வைக்கவேண்டும். மூன்றாவது, இவற்றின் வழக்கிலக்கம், நீதிமன்றம், ஆண்டு மட்டும் கொண்ட அட்டவணையொன்றைச் சங்கம் பேணவேண்டும். உள்ளடக்கம் குடும்பத்தின் எழுத்துமூலச் சம்மதமின்றித் திறக்கப்படக் கூடாது. நான்காவது, கனிஷ்ட சட்டத்தரணிகளுக்கு: வாடிக்கையாளர் சொன்னதை எழுதும் ஒவ்வொரு தாளிலும் திகதியும் கையொப்பமும் இடுங்கள். நாம் இல்லாத நாளில் 32 ஆம் பிரிவு தேடப்போவது அதைத்தான்.

இதற்குப் பணம் பெரிதாக வேண்டியதில்லை. புதிய சட்டமும் வேண்டியதில்லை. எண்பதுகளில் கோப்பு எழுதிய தலைமுறையில் இன்று நம்மோடு இருப்பவர்கள் சிலரே. அவர்களிடம் கேட்டு அறியவேண்டியது இன்னும் இருக்கிறது. சாம் தம்பிமுத்துவின் பெயரால் ஆண்டுதோறும் உரையொன்று நிகழ்த்தலாம், மண்டபமொன்றுக்குப் பெயர் சூட்டலாம், இரண்டையும் வரவேற்போம். அவற்றுக்கு முன், வருகிற மே 7 க்குள் மட்டக்களப்பு சட்டத்தரணிகள் சங்கம் தன் பொதுக்கூட்டத்தில் இந்த நான்கு முன்மொழிவுகளையும் விவாதத்துக்கு எடுக்கவேண்டும் என்று கேட்கிறோம். திருகோணமலை, கல்முனை, யாழ்ப்பாணம், வவுனியா சங்கங்களும் தத்தம் நிலைமைக்கேற்ப இதைச் செய்யலாம். அவற்றின் தீர்மானங்களை வெளியிட இவ்விதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.