மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் ஒரு மதுக்கடை அரசு

தமிழ்நாட்டில் மது விற்பனைக்கு இன்றளவும் அடிப்படையாக இருக்கும் சட்டத்தின் பெயர் மதுவிலக்குச் சட்டம். 1937 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அந்த விற்பனையை மேற்பார்வை செய்யும் துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான். மதுவை விலக்குவதற்கென எழுதப்பட்ட சட்டத்தின் கீழ், மதுவை விலக்குவதற்கெனப் பெயரிடப்பட்ட துறையின் வழியாக, 2024-25 நிதியாண்டில் அந்த மாநிலம் மதுவினால் ஈட்டிய வரி வருமானம் 48,344 கோடி ரூபா. உலகில் வேறெங்கும் ஒரு சட்டம் தனது பெயருக்கு இத்தனை தூரம் முதுகு காட்டியிருக்குமா என்பது சந்தேகமே.

இந்த முரண்பாட்டை நகைச்சுவையாகக் கடந்து போய்விடலாம். கடந்து போக விடாதவை அதன் பின்னால் உள்ள கணக்குகள். அவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது.

சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, 1937 ஒக்டோபர் முதலாம் திகதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். கள்ளுக்கடைகளாலும் சாராயக்கடைகளாலும் கிடைத்த வருமானத்தை இழக்கும் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்வி அன்றும் எழுந்தது. அதற்கு ராஜாஜி கண்ட விடை விற்பனை வரி. 1939 இல் இந்தியாவுக்கே முன்னோடியாகப் பொது விற்பனை வரிச் சட்டம் சென்னை மாகாணத்தில் கொண்டுவரப்பட்டது. மது வருமானம் இல்லாமல் அரசு வாழ்வதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வரி அது. 1948 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது.

அந்த விற்பனை வரியின் வாரிசுதான் இன்றைய மதிப்புக்கூட்டு வரி. மேலே கூறிய 48,344 கோடி ரூபாவில் 37,000 கோடிக்கு மேற்பட்ட தொகை மதிப்புக்கூட்டு வரியாக வந்தது. எஞ்சிய ஏறத்தாழ 11,000 கோடி ஆயத்தீர்வை. மதுவின் காசு வேண்டாம் என்பதற்காகப் பிறந்த வரி, இன்று மதுவின் காசை வசூலிக்கும் முதன்மையான கருவியாகி விட்டது. ராஜாஜியின் அரசியலோடு எனக்குப் பல உடன்பாடின்மைகள் உண்டு. ஆனால், அவருடைய கண்டுபிடிப்புக்கு நேர்ந்த கதி இரங்கத்தக்கது.

1971 ஓகஸ்ட் 30 இல் கலைஞர் கருணாநிதியின் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. அண்டை மாநிலங்களில் மது தாராளமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே மதுவிலக்கைக் கடைப்பிடிக்கும் மாநிலத்துக்கு மத்திய அரசு இழப்பீடு தர மறுக்கிறது என்பன அன்று சொல்லப்பட்ட காரணங்கள். முதிய வயதில் ராஜாஜி நேரில் சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டதும், அது நிறைவேறாமற் போனதும் பலமுறை எழுதப்பட்டவை. மூன்று ஆண்டுகளில் அதே அரசு மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்தது. 1981 இல் எம்.ஜி.ஆர். அதனை மறுபடியும் தளர்த்தினார். 1983 இல் மொத்த விற்பனைக்கென 'டாஸ்மாக்' எனப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் உருவாக்கப்பட்டது. 2003 நவம்பரில், ஜெயலலிதாவின் ஆட்சிக்காலத்தில், தனியார் உரிமம் பெற்று நடத்திய சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. இவ்வாறாக, திறந்ததிலும் பூட்டியதிலும் மீண்டும் திறந்ததிலும் இரு பெரும் கட்சிகளுக்கும் சம பங்குண்டு. ஒருவர் மற்றவரைச் சுட்ட நீட்டும் விரல் வளைந்து தம்மையே குத்தும்.

2003-04 இல் 3,639 கோடி ரூபாவாக இருந்த வருமானம் 2015-16 இல் 25,845 கோடியைத் தொட்டது. அந்த ஆண்டுகளில் மதுவுக்கு எதிரான குரலும் ஓங்கியிருந்தது. 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். 2016 தேர்தலில் ஒரு பெரும் கட்சி முழு மதுவிலக்கையும் மற்றையது படிப்படியான மதுவிலக்கையும் வாக்குறுதியாக அளித்தன. வென்று வந்த ஜெயலலிதா 500 கடைகளை மூட உத்தரவிட்டார். காலை 10 மணிக்குத் திறந்த கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறக்கலாயின. 2017 இல் எடப்பாடி பழனிசாமி மேலும் 500 கடைகளை மூடுவதாக அறிவித்தார். அதே ஆண்டு, நெடுஞ்சாலையோரக் கடைகள் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளை மூடவோ இடம் மாற்றவோ நேர்ந்தது. 2023 ஜூனில் மு.க. ஸ்டாலின் அரசு இன்னுமொரு 500 கடைகளை மூடியது.

இவற்றின் விளைவு என்ன? 2016 இல் 6,800 ஐத் தாண்டியிருந்த கடைகளின் தொகை 2023 நடுப்பகுதியில் 4,829 ஆகக் குறைந்தது. வருமானமோ 25,845 கோடியிலிருந்து 48,344 கோடிக்கு ஏறியது. ஆயிரக்கணக்கில் கடைகள் இழுத்துப் பூட்டப்பட்ட 2017-18 இல் கூட வருமானம் முந்திய ஆண்டைவிடச் சுமார் 200 கோடி ரூபா மட்டுமே குறைந்தது. மறு ஆண்டில் அது 31,000 கோடியைக் கடந்துவிட்டது.

வருமானம் உயர்ந்த அளவுக்குக் குடியும் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது கணக்கை அறியாதவர் பேச்சு. வரியும் விலையும் திரும்பத் திரும்ப உயர்த்தப்பட்டன. அந்த உயர்வே வருமானப் பெருக்கத்தில் பெரும் பங்கை வகித்திருக்கும். 2024 பெப்ரவரியில் நடந்த விலை உயர்வின் பின்னர், சாதாரண ரகத்தின் 180 மில்லிலீற்றர் போத்தல், அதாவது 'குவாட்டர்', 140 ரூபாவாயிற்று. ஆனால் ஒன்று தெளிவு. கடைகளை மூடுவது மதுவைக் குறைக்கும் கொள்கையாகச் செயற்படவில்லை. ஒரு கடையில் நின்ற வரிசை அடுத்த கடைக்கு நகர்ந்தது, அவ்வளவே. மூடிய கடைகள் செய்திகளாயின. உயர்ந்த விலைகள் வருமானமாயின.

இதற்கு இன்னொரு புறமும் உண்டு. அதனையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017 இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின்னர் இந்திய மாநிலங்கள் தாமாக வரி விதிக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதியை இழந்தன. அந்த வரிக்கு வெளியே எஞ்சிய முக்கியமான பொருட்கள் இரண்டு: ஒன்று பெற்றோலியம், மற்றது மது. புதுடில்லியின் கையை எதிர்பாராமல் ஒரு மாநில அரசு வருமானத்தை உயர்த்த வேண்டுமாயின் அது இந்த இரண்டிலொன்றைத்தான் திருக வேண்டும். தமிழ்நாட்டின் சொந்த வரி வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மதுவிலிருந்து வருவது ஒரு கட்சியின் பேராசையால் மட்டும் நேர்ந்ததன்று. மாநிலங்களின் நிதி உரிமை சுருங்கச் சுருங்க மதுக்கடையின் கதவு விரிகிறது. மாநில சுயாட்சி பற்றிப் பேசுவோர் இந்த இணைப்பைப் பேசாமல் விடுவது வியப்பளிக்கிறது.

அந்த வருமானத்தில்தான் நலத்திட்டங்கள் நடக்கின்றன என்பது வழமையான விடை. 2023 செப்டெம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபா வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் பயன்பெற்ற, வரவேற்கத்தக்க திட்டம் அது. ஆனால் ஒரு கூலித் தொழிலாளி நாளொன்றுக்கு 140 ரூபா விலையில் ஒரு போத்தல் வாங்கினால் மாதம் 4,200 ரூபா. அவன் மனைவியின் கணக்கில் அரசு 1,000 ரூபா வைப்பிடுகிறது. அவள் கணவனின் சட்டைப்பையிலிருந்து போன 4,200 ரூபாவில் பெரும் பகுதி அதே அரசுக்கு வரியாகப் போகிறது. இதனை உதவி என்பதா, மீளளிப்பு என்பதா? குடிக்காத கணவனைக் கொண்ட வீட்டுக்கு அது உதவி. குடிக்கும் கணவனைக் கொண்ட வீட்டுக்கு அது தன் பணத்தில் ஒரு சிறு பகுதியே.

கடைகளுக்கு உள்ளேயும் சுரண்டல் இருக்கிறது. 2003 இல் வேலைக்கு எடுக்கப்பட்ட மேற்பார்வையாளர்களில் பலர் பட்டதாரிகள். தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் இருபது ஆண்டுகள் கடந்தும் நிரந்தர ஊழியர்களாக்கக் கோரிப் போராடி வந்தனர். போத்தலுக்குப் பத்து ரூபா கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற முறைப்பாடு அங்கே ஊரறிந்தது. அந்தப் பத்து ரூபா எங்கு தொடங்கி எதுவரை போகிறது என்பதுதான் எவரும் தீர்த்து வைக்காத கேள்வி. 2025 மார்ச்சில் அமலாக்கத் துறை டாஸ்மாக் தலைமையகத்தில் சோதனை நடத்தி 1,000 கோடி ரூபா அளவில் முறைகேடு எனக் கூறியது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்து, அமலாக்கத் துறை வரம்பு மீறுகிறது எனக் கண்டித்தது. ஒரு புறம் மத்திய அரசின் அரசியல், மறுபுறம் மாநில அரசின் மௌனம். இரண்டுக்கும் நடுவில் குடிப்பவனின் பத்து ரூபா காணாமற் போய்விட்டது.

சரி, முழு மதுவிலக்கே தீர்வா? 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனோல் கலந்த சாராயம் குடித்து மக்கள் இறந்தனர். முதலாவதில் இருபதுக்கு மேற்பட்டோர், இரண்டாவதில் அறுபதுக்கு மேற்பட்டோர். அரசுக் கடைகள் திறந்திருந்த மாநிலத்திலேயே இது நடந்தது. அரசுக் கடையின் மலிவான போத்தலுக்கும் கைகொடுக்காத வருமானமுள்ளவன் பொட்டலச் சாராயத்தைத் தேடிப் போனான். அரசு மதுவில் உழைப்பாளிக்கு வேண்டிய வேகம் இல்லை என்ற பொருளில் மூத்த அமைச்சர் ஒருவர் அப்போது சட்டமன்றத்தில் பேசியது, ஆட்சியாளரின் பார்வை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டியது. 2016 இல் முழு மதுவிலக்கை அறிவித்த பீகாரிலும் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் பெருந்தொகையானோர் விஷச் சாராயத்துக்குப் பலியாகினர். ஆகவே, கடை திறந்திருந்தாலும் ஏழை சாகிறான்; பூட்டியிருந்தாலும் சாகிறான். விலை என்ன, கண்காணிப்பு யார் கையில் என்பனவே அவன் உயிரைத் தீர்மானிக்கின்றன.

இங்கு எமது நாட்டோடு ஒப்பிடக்கூடிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அந்தப் பனையிலிருந்து கள் இறக்குவது 1987 முதல் அங்கே குற்றம். யாழ்ப்பாணத்திலோ பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் ஊடாகக் கள் சேகரிக்கப்பட்டுத் தவறணைகளில் விற்கப்படுகிறது; போத்தலில் அடைத்தும் விற்பனையாகிறது. அதனால் எமது சமூகம் தூய்மையடைந்து விட்டது என்று சொல்ல மாட்டேன். கசிப்பும் உண்டு, அரசியல்வாதிகளின் சிபாரிசில் பெற்ற மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் பற்றி 2024 இல் பாராளுமன்றம் வரை எழுந்த சர்ச்சையும் உண்டு. ஆனால் பனையேறும் தொழிலாளி இங்கே குற்றவாளி அல்லன். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த மதுவை அரசு விற்கலாம், பனையிலிருந்து வடியும் கள்ளைத் தொழிலாளி விற்கக் கூடாது என்பதற்கு உடல்நல நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. தெரிவது ஆலைகளின் நலன் மட்டுமே.

என் கருத்து இதுதான். மதுவை விற்பவரும் மதுவைக் கட்டுப்படுத்துபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. கடையின் இடத்தைத் தீர்மானிக்கும் மாவட்ட ஆட்சியர் வருமானத்துக்குப் பொறுப்பான அதே அரசின் அலுவலர். வழிபாட்டிடத்திலிருந்தும் பாடசாலையிலிருந்தும் நகரத்தில் 50 மீற்றர், கிராமத்தில் 100 மீற்றர் தூரம் வேண்டும் என்ற விதி தாளில் இருக்கிறது. அளவு நாடாவைப் பிடிப்பவரே கடைக்காரர் என்றால் அந்த விதி யாரைக் காக்கும்? கிராம சபை வேண்டாமென்று தீர்மானித்தால் கடை வரக் கூடாது என்பதைச் சட்டமாக்க வேண்டும். மது வருமானத்தில் ஒரு குறித்த பங்கு, குடிநோயிலிருந்து மீட்கும் சிகிச்சை நிலையங்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் செலவிடப்பட வேண்டும். கள்ளுக்கு அனுமதி வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இந்த வருமானத்தில் தங்கியிருப்பதை ஆண்டுதோறும் இவ்வளவு குறைப்போம் என்று வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். 500 கடைகளை மூடினோம் என்ற அறிவிப்பைவிட, மதுவின் பங்கு நான்கிலொன்றிலிருந்து ஐந்திலொன்றாகக் குறைந்தது என்ற ஒரு வரி மதிப்பு மிக்கது.

திருவள்ளுவர் தினத்தன்று தமிழ்நாட்டில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. வள்ளலார் நினைவு நாளிலும் காந்தி ஜயந்தியிலும் அவ்வாறே. ஆண்டில் எட்டு நாட்கள் பெரியோருக்கு மரியாதை செய்யப்படுகிறது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவருக்கு அந்த ஒரு நாள் போதும் என்று ஆட்சியாளர் கருதலாம். மாலையில் கணவன் எந்த நிலையில் வீடு திரும்புவான் என்று வாசலைப் பார்த்திருக்கும் பெண்ணுக்கு, எஞ்சிய 357 நாட்களுக்கும் ஒரு விடை வேண்டும்.