பட்டியல் சொல்லாதது

"அரசு மருத்துவமனையில் செவிலியருடன் மேலதிகாரி நடத்தும் பணி வளர்ச்சி உரையாடலா? கார்ப்பரேட் வேடிக்கை. சீனியாரிட்டி பட்டியல் போதும்" என்கிறார் நண்பர். பட்டியல் பாரபட்சத்தைத் தடுக்கிறது, சரி. அதைக் கிழிக்கச் சொன்னது யார்? ஆனால் அது பதில் சொல்வது 'அடுத்து யார்' என்ற ஒரே கேள்விக்குத்தான். டயாலிசிஸில் கைதேர்ந்த செவிலியரை மகப்பேறு வார்டுக்கு மாற்றுவது சரியா? டிப்ளமோ முடித்தவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க எப்போது விண்ணப்பிக்கலாம்? இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஆள் தெரிந்தவருக்கு முதலில் தெரிகிறது. நண்பர் அஞ்சும் பாரபட்சம் அங்கேதான் குடியிருக்கிறது.

பணியிலிருக்கும் மருத்துவருக்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. மருத்துவருக்கு வழி தெரியலாம், செவிலியருக்குத் தெரிந்தால் மட்டும் வேடிக்கையா?

"பதவியே இல்லாதபோது பேச்சு ஏமாற்று" என்ற அவருடைய இன்னொரு வாதத்தில் வலு இருக்கிறது. 2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் 2017-இல் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போராட வேண்டியிருந்தது. ஆனால் இது பேச்சை நிறுத்தக் காரணமல்ல, எழுத்தில் வைக்கக் காரணம். காலியிடம் எத்தனை, எப்போது நிரப்புவார்கள் என்று மேலதிகாரி கையொப்பமிட்ட தாள் செவிலியர் கையில் இருக்கட்டும். அந்தத் தாள் செவிலியரை மதிப்பிடும் ரகசியக் குறிப்பேட்டுக்குள் மட்டும் போகக் கூடாது. போனால் உரையாடலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.