அட்டை சேர்ப்போரும் அட்டை விற்போரும்

விளையாட்டு வீரர்களின் படம் பொறித்த அட்டைகளைச் சேகரிப்பதும், ஒரு வரிசையில் வெளிவந்த அட்டைகள் அனைத்தையும் முதலாம் இலக்கந் தொடக்கம் இறுதி இலக்கம் வரை ஒன்றும் விடுபடாமற் கூட்டி முழுத்தொகுதியாக்குவதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நூறாண்டுக்கு மேலாக நிலவிவரும் பொழுதுபோக்காகும். இதனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இருவகைக் கருத்துக்கள் நம் செவிக்கு எட்டுகின்றன. சமுதாயப் பிரச்சினைகளிலே அக்கறையுடைய நம் நண்பர்கள் சிலர், இது வேலையற்றோர் வேலை என்றும், கம்பனிகள் விரித்த வலையிலே வலியச் சென்று விழும் பேதைமை என்றும் கூறி ஒதுக்கிவிடுகின்றனர். மறுபுறத்தில் அட்டை வியாபாரிகளோ, அட்டை என்பது வாங்கி விற்று இலாபங் காணவேண்டிய முதலீடு என்றும், நட்சத்திர வீரனின் அபூர்வ அட்டை ஒன்றே போதுமென்றும், சாதாரண வீரர்களையுஞ் சேர்த்து முழுத்தொகுதி அமைப்பவன் காலமறியாதவன் என்றும் பிரசாரஞ் செய்கின்றனர். இவ்விரு சாராருக்கும் எதிராகவே நாம் இங்கு வாதிட முற்படுகின்றோம். முழுத்தொகுதி சேர்ப்பவனிடம் இருப்பது நல்லதோர் மனித இயல்பு. அவ்வியல்பைக் காசாக்குவதற்கெனச் செய்யப்பட்ட சூழ்ச்சிகளே கண்டனத்துக்குரியவை. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை நமது கண்டனம் இலக்குத் தவறியே செல்லும்.

இப்பொழுதுபோக்கின் பிறப்பு தூய்மையானதன்று என்பதை நாம் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மெல்லிய கடதாசிப் பெட்டியில் அடைக்கப்பட்ட சிகரெட் நசுங்காதிருப்பதற்காகவே உள்ளே தடித்த அட்டைத்துண்டு வைக்கப்பட்டது. அந்த அட்டையிலே படத்தை அச்சிட்டால் விற்பனை பெருகும் என்பதையும், படங்களை ஒரு வரிசையாக அமைத்தால் வாங்குபவன் மீண்டும் மீண்டும் வருவான் என்பதையும் புகையிலைக் கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டுகொண்டன. அமெரிக்கன் புகையிலைக் கம்பனி 1909ஆம் ஆண்டு தொடக்கம் 1911ஆம் ஆண்டு வரை ஐந்நூறுக்கு மேற்பட்ட பேஸ்போல் வீரர் அட்டைகளைத் தனது பல்வேறு சிகரெட் வகைகளோடு வெளியிட்டது. சிகரெட்டைப் புகைத்தவர்கள் பெரியோர். அட்டைக்கு ஏங்கியவர்கள் சிறுவர். எவருடைய ஆசை எவருடைய பையிலிருந்து பணத்தை எடுக்கின்றது என்பதைக் கம்பனி நன்கறிந்திருந்தது.

சூயிங்கம் கம்பனிகள் இவ்வித்தையை மேலும் கூர்மையாக்கின. 1933ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்துக் கௌடி கம்பனி 240 இலக்கங்கள் கொண்ட பேஸ்போல் வரிசையொன்றை வெளியிட்டது. அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. சிறுவர்கள் சதஞ் சதமாகச் சேர்த்த காசைக் கொடுத்துப் பக்கற்றுக்களை வாங்கினர். 105ஆம் இலக்கம் கிடைத்தது. 107ஆம் இலக்கம் கிடைத்தது. 106ஆம் இலக்கம் மட்டும் எவர் கைக்கும் வரவில்லை. வரவில்லையென்றால் அதிலே வியப்பொன்றுமில்லை. அவ்வாண்டில் அந்த அட்டை பக்கற்றுக்களிலே வைக்கப்படவேயில்லை. இல்லாத ஒன்றைத் தேடிச் சிறுவர்கள் வாங்கிக்கொண்டேயிருந்தனர். அடுத்த ஆண்டு, கடிதம் எழுதி முறையிட்டவர்களுக்கு மாத்திரம், விளையாட்டிலிருந்து எப்போதோ ஓய்வுபெற்றுவிட்ட நெப்போலியன் லாஜவேயின் படத்தை 106ஆம் இலக்கமிட்டுத் தபாலில் அனுப்பிவைத்தது கம்பனி. எழுதத் தெரியாதவனும், எழுதத் துணியாதவனும், முத்திரைக்குக் காசில்லாதவனும் அந்த வெற்றிடத்தோடேயே நின்றுவிட்டனர். அக்காரணத்தினாலேயே அந்த அட்டை இன்று பெரும்பொருள் பெறும் அபூர்வமாகியுள்ளது. சிறுவரை ஏமாற்றிய செயலொன்று பிற்காலத்திலே செல்வமாக மாறிய கதை இது.

இன்று அத்தகைய அப்பட்டமான ஏமாற்று அவசியமில்லை. கணிதமே போதுமானதாக இருக்கின்றது. இத்தாலியின் மொடெனா நகரத்துப் பனினி நிறுவனம் 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடைபெற்ற உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி தொடக்கம் வீரர்களின் ஒட்டுப்படங்களையும் அவற்றை ஒட்டுவதற்கான அல்பத்தையும் வெளியிட்டு வருகின்றது. 2018ஆம் ஆண்டு அல்பத்துக்கு 682 ஒட்டுப்படங்கள். ஒரு பக்கற்றிலே ஐந்து. பிரித்தானியாவில் அதன் விலை 80 பென்ஸ். எவருடனும் மாற்றிக்கொள்ளாமல் ஒருவர் தனியே வாங்கி அல்பத்தை நிரப்புவதற்குச் சராசரியாக 967 பக்கற்றுக்கள், அதாவது 773 பவுணுக்கு மேல், தேவைப்படும் என்று கார்டிஃப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போல் ஹார்ப்பர் கணக்கிட்டுக் காட்டினார்.

இக்கணக்கின் உட்பொருளை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். அல்பத்தின் முதற்பாதி ஏறத்தாழ 95 பக்கற்றுக்களிலே நிரம்பிவிடுகின்றது. பிள்ளைக்கு உற்சாகம் பொங்குகின்றது. அதன் பின்னர் ஒவ்வொரு பக்கற்றிலும் முன்னரே உள்ள முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இறுதியாக எஞ்சும் ஒரேயொரு படத்துக்கு மாத்திரம் சராசரியாக 136 பக்கற்றுக்கள் வாங்கவேண்டும். முற்பாதி முழுவதற்கும் ஆன செலவைக் காட்டிலும் இறுதி ஒன்றுக்கு ஆகும் செலவு அதிகம்! வேலை செய்யும் ஒரு தாயோ தந்தையோ இதற்கு எங்கே போவது?

ஆனால் அதே கணிதம் மற்றோர் உண்மையையும் கூறுகின்றது. பத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடித் தமக்குள் இரட்டித்தவற்றை ஒளிவுமறைவின்றி மாற்றிக்கொள்வார்களாயின், பத்து அல்பங்களும் நிரம்புவதற்குத் தலைக்கு ஏறத்தாழ முந்நூறு பக்கற்றுக்களே வேண்டியிருக்கும். செலவு மூன்றிலொரு பங்காகக் குறைகின்றது. ஐம்பதுபேர் கூடினால் இன்னும் குறையும். ஒருவனிடம் பயனற்றுக் கிடக்கும் மிகை மற்றவனுடைய குறையை நிரப்புகின்றது. பள்ளிக்கூட முற்றத்திலே, இடைவேளை மணிக்கும் வகுப்பு மணிக்கும் இடையிலே, சிறுவர்கள் படங்களை விரித்து வைத்துக்கொண்டு பேரம் பேசும் காட்சியை வீண்பொழுது என்று கூறும் நண்பர்கள் இதனைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். தனித்து நின்றால் தோல்வி, கூடி நின்றால் வெற்றி என்ற பாடத்தை அப்பிள்ளைகள் எந்தப் பிரசங்கியிடமிருந்தும் கற்கவில்லை. கையிலுள்ள படங்களிலிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

முழுத்தொகுதியிலே நாம் காணும் மற்றுமொரு சிறப்பு அதன் சமத்துவமாகும். தொகுதியிலே உலகப் புகழ்பெற்ற வீரனுக்கும் ஓரிடமே. ஆண்டு முழுவதும் மாற்று ஆட்டக்காரர் வாங்கிலே உட்கார்ந்திருந்தவனுக்கும் ஓரிடமே. முன்னவன் இல்லாவிட்டாலும் தொகுதி குறையுடையது. பின்னவன் இல்லாவிட்டாலும் அதே அளவு குறையுடையது. எவரும் நினைவில் வைத்திராத ஒருவனுடைய படத்துக்காக ஊரூராகத் தேடி அலைபவன் உலகில் இருக்கின்றான் என்றால், அவன் முழுத்தொகுதி சேர்ப்பவன் ஒருவனே. ஓர் அணி வெற்றிபெற்றது எத்தனைபேரின் உழைப்பினால் என்பதற்கு முழுத்தொகுதி சாட்சியாக நிற்கின்றது.

சந்தை இச்சமத்துவத்தை ஒருபோதும் பொறுத்துக்கொண்டதில்லை. புரூக்லின் நகரத்து ரொப்ஸ் கம்பனி 1952ஆம் ஆண்டிலே 407 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. அதன் இறுதிப்பகுதி ஆட்டப் பருவம் முடியும் வேளையில் வந்தமையால் கடைக்காரர் அதனை விரும்பி ஏற்கவில்லை. விற்காது தேங்கியவற்றைக் கம்பனி 1960ஆம் ஆண்டளவில் படகிலேற்றி அத்திலாந்திக் கடலிலே கொட்டியது. அந்தப் பகுதியிலே 311ஆம் இலக்கமாக இருந்த மிக்கி மான்ரிலின் அட்டை ஒன்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அபூர்வமானது ஆதலால் அவ்விலை என்று வியாபாரிகள் விளக்கங் கூறுவர். அவ்விளக்கமும் பொய்யானதே. அச்சுத்தாளிலே மான்ரிலின் படம் இருமுறை இடம்பெற்றது. அதே பகுதியைச் சேர்ந்த வேறு பல வீரர்களின் அட்டைகள் அதனிலும் குறைவாகவே அச்சாயின. அவர்களைப் பற்றி ஏலக்காரர் எவரும் வாய்திறப்பதில்லை. கடலுக்குள் போனவர்களிலும் கூட ஒருவனுக்கே மகுடம்.

தற்செயலாக நேர்ந்த அருமையைக் கண்டு பாடங்கற்ற கம்பனிகள், இப்போது அருமையைத் திட்டமிட்டே உற்பத்தி செய்கின்றன. நிறத்தைச் சிறிது மாற்றிப் பத்துப் பிரதி, வீரனின் கையொப்பமிட்டு ஐந்து பிரதி, இறுதியில் உலகுக்கே ஒரே பிரதி என்று அச்சிட்டுப் பக்கற்றுக்களுக்குள் ஒளித்து வைக்கின்றன. அது கிடைக்கும் வாய்ப்பு எத்தனையில் ஒன்று என்பது பக்கற்றின் புறத்தே கண்ணுக்குப் புலப்படாத எழுத்திலே அச்சிடப்பட்டிருக்கும். ஒரே பிரதி அச்சிடப்பட்ட அட்டையையும் சேர்த்துக் கணக்கிட்டால், அத்தொகுதியை முழுமையாக்கும் பேறு உலகிலே ஒருவனுக்கு மேல் எவருக்கும் கிட்டாது. இது சேகரிப்பு அன்று, லொத்தர்ச் சீட்டு. பரிசு விழாத சீட்டைப் போலவே சாதாரண வீரர்களின் அட்டைகள் பிரித்த கையோடு வீசப்படுகின்றன.

வாங்கிய அட்டையைத் தொட்டுப் பார்க்கும் உரிமையும் பறிபோய்விட்டது. அட்டையின் மூலைகளையும் ஓரங்களையும் ஆராய்ந்து, ஒன்று முதற் பத்து வரை புள்ளியிட்டு, பிளாஸ்ரிக் பேழையிலே முத்திரையிட்டு அடைத்துக்கொடுப்பதற்கெனத் தனிக் கம்பனிகள் தோன்றியுள்ளன. இத்தரமிடலின் நம்பகத்தன்மைக்கு ஓர் உதாரணம் போதும். முன்னர் நாம் குறிப்பிட்ட புகையிலை அட்டை வரிசையிலே ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிகச் சிலவே உள்ளன. தமது படத்தை வெளியிட அவர் சம்மதியாமையே காரணம். அவற்றுள் மிகச் சிறந்தது எனப் புகழப்பட்ட ஒன்று 1991ஆம் ஆண்டில் 451,000 டொலருக்கு விலைபோயிற்று. தரமிடும் கம்பனியொன்றின் முதலாவது இலக்கச் சான்றும் அதற்கே வழங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அதன் விலை 28 இலட்சம் டொலர். அந்த அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக, அதனை முன்னர் விற்ற ஏல வியாபாரி 2013ஆம் ஆண்டிலே மோசடி வழக்கொன்றில் ஒப்புக்கொண்டார். அபூர்வ வழிபாட்டின் மூலவிக்கிரகமே கத்தரிக்கோல் பட்டது!

படத்திலே உள்ளவனுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் கேட்க வேண்டும். ரொப்ஸ் கம்பனி வளரும் வீரன் ஒருவனுக்கு ஐந்து டொலரைக் கொடுத்து ஒப்பந்தத்தை எழுதி வாங்கியது; அவன் பெரும் அணிக்கு உயர்ந்த பின்னர் ஆண்டுக்கு 125 டொலர் கொடுத்தது. எத்தனை இலட்சம் அட்டைகள் விற்றாலும் அவ்வளவுதான். உருக்குத் தொழிலாளர் சங்கத்திலே பொருளியலாளராகப் பணியாற்றிய மார்வின் மில்லர் 1966ஆம் ஆண்டில் பேஸ்போல் வீரர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது நிலைமை இதுவே. அவருடைய ஆலோசனையின்பேரில் வீரர்கள் புகைப்படத்துக்கு நிற்க மறுத்துப் பகிஷ்கரித்தனர். 1968ஆம் ஆண்டு முடிவிலே கம்பனி பணிந்தது. தொகை 250 டொலராக உயர்ந்ததோடு, விற்பனையில் நாற்பது இலட்சம் டொலர் வரை எட்டு வீதமும் அதற்குமேல் பத்து வீதமும் வீரர்களுக்கு உரித்தாயிற்று. நட்சத்திரமும் சாதாரணனும் ஒன்றாக நின்றமையாற் கிடைத்த வெற்றி அது. முழுத்தொகுதியின் நியாயமே அங்கும் வென்றது எனலாம்.

சேகரிப்போரை ஏளனஞ் செய்யும் நண்பர்களுக்கு இறுதியாக ஒருவரை நாம் எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். நியூ யோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரிலே, மின்சார உபகரணத் தொழிற்சாலையிற் பாகங்களைப் பொருத்தும் வேலை செய்து வாழ்ந்தவர் ஜெபர்சன் பேர்டிக். மூட்டுவாதத்தால் கைகால்கள் முடங்கியவர், தனியர். அச்சிட்ட அட்டைகளைத் தேடிச் சேர்த்து, வகைப்படுத்தி, அனைவருக்கும் பயன்படும் பட்டியலாக வெளியிட்டவர் அவரே. புகையிலை அட்டை வரிசைகள் இன்றும் அவர் இட்ட எண்களாலேயே அழைக்கப்படுகின்றன. தாம் சேர்த்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை 1947ஆம் ஆண்டு தொடக்கம் நியூ யோர்க் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்துக்கு அன்பளிப்பாக வழங்கி, அங்கேயே அமர்ந்து, மடங்காத விரல்களால் அல்பங்களிலே ஒட்டினார். 1963ஆம் ஆண்டு ஜனவரியிலே அப்பணி முடிந்தது. மார்ச்சு மாதத்தில் அவர் மறைந்தார். இன்று பல இலட்சம் டொலர் பெறும் வாக்னரின் அட்டையும் அவர் கொடுத்தவற்றுள் ஒன்று. ஒரு தொழிலாளியின் ஓய்வுநேரம் ஒரு மக்களினத்தின் நினைவுக் களஞ்சியமாகியது.

எனவே நாம் வேண்டுவன எளியவை. ஒவ்வோர் அட்டையும் எத்தனை பிரதி அச்சிடப்பட்டது என்பதைக் கம்பனிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். குறைந்துள்ள இலக்கங்களை, பக்கற்றில் அவற்றுக்கு விழும் அதே விலைக்கு, கேட்பவர்க்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கென விற்கும் பக்கற்றிலே லொத்தர் வேண்டாம். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகள் சேர்ப்பதைத் தடுக்காமல், மாற்றிக்கொள்வதற்கு இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். 106ஆம் இலக்கத்தைத் தேடிய சிறுவனிடம் பிழையில்லை. அதனை அச்சிடாது வைத்திருந்தவர்களிடமே நமது வழக்கு.