துவாரம் ஒன்று, குணம் பல

டைப்-ஸி என்ற பொது முனை வந்துவிட்டால் சார்ஜர் கேபிள் தொல்லை தீருமென்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. ஐரோப்பிய யூனியன் 2022-ம் வருஷத்தில் சட்டமியற்றி, 2024 டிசம்பர் 28-ந் தேதி முதல் செல்போன்களுக்கு அத்துவாரத்தைக் கட்டாயமாக்கிற்று. 2012 முதல் ஐபோனுக்குத் தனித் துவாரம் வைத்திருந்த ஆப்பிள் கம்பெனியும் 2023-ல் இறங்கி வந்தது. நம் நாட்டிலும் டைப்-ஸிக்குரிய தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் தொல்லை தீர்ந்ததா? வெளியே தெரிந்த தொல்லை உள்ளே போய் ஒளிந்துகொண்டது என்பதே நமது அபிப்பிராயம்.

முன்பு முனை பொருந்தாவிட்டால் கேபிள் உதவாதென்று கண்ணுக்குத் தெரிந்தது. இப்பொழுது எல்லாம் பொருந்துகின்றன; எது வேலை செய்யும் என்பதுதான் தெரியவில்லை. இரு புறமும் டைப்-ஸி முனையுள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரையில்தான் கொண்டு செல்லும். 5 ஆம்பியர் செல்லவேண்டுமானால், தன் சக்தியைச் சார்ஜருக்கு அறிவிக்கும் சில்லு ஒன்று கேபிளுக்குள்ளேயே இருக்கவேண்டும். 2021-ல் வகுத்த விதிப்படி செய்யப்பட்டது 240 வாட்டும் தாங்கும். தகவல் கடத்துவதிலோ, ஒன்றுக்கு வினாடிக்கு 480 மெகாபிட். மற்றொன்றுக்கு 40 கிகாபிட். இத்தனையும் ஒரே முகத்தோடு கடையில் தொங்குகின்றன. மேஜை டிராயரில் ஐந்து கேபிள் கிடந்தால் எது எதற்கென்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது!

இது வெறும் சலிப்போடு நிற்கும் விஷயமன்று. கூகுள் பொறியாளர் பென்ஸன் லியூங் 2015-ல் கடைச் சரக்குகளை வாங்கிச் சோதிக்கத் தொடங்கினார். பழைய ஏ முனையை டைப்-ஸியோடு இணைக்கும் கேபிள்கள் பலவற்றில், 56 கிலோ-ஓம் தடை இருக்கவேண்டிய இடத்தில் 10 கிலோ-ஓம் இருக்கக் கண்டார். அத்தகைய கேபிள், 3 ஆம்பியர் இழுக்கலாமென்று போனுக்குப் பொய் சொல்லி, தாங்கமாட்டாத சார்ஜரின் தலையில் பாரத்தை ஏற்றுகிறது. 2016-ல் ஒரு கேபிளுக்குள் கம்பிகளே மாறி இணைந்திருந்தபடியால் அவருடைய மடிக்கணினி பாழாயிற்று. விஷயம் அறிந்தவர் கதியே இதுவானால், பஸ் ஸ்டாண்டுக் கடையில் கேபிள் வாங்குகிறவர் கதி என்ன?

விலை கொடுத்தால் நல்லது கிடைக்குமே என்பர் சிலர். குணம் வெளியே தெரியாத சரக்கில் விலையை நம்புவதெப்படி? யு.எஸ்.பி. தரத்தை வகுக்கும் சங்கம், சான்று பெற்ற கேபிள்களுக்கு 60, 240 வாட் என்ற அடையாளங்களை 2021-லேயே அமைத்தது. சான்று நாடாதவர்களை அது கட்டுப்படுத்தாது. முத்திரையில்லாத எடைக்கல்லை வைத்திருக்கும் வியாபாரியைத் தண்டிக்கச் சட்டம் வைத்திருக்கிறது நம் சர்க்கார். வாட்டும் வேகமும் முனையிலேயே பொறிக்கப்படாத கேபிள் இந்நாட்டில் விற்கப்படலாகாதென்று அதே சர்க்கார் உத்தரவிடுவதற்குத் தடை எதுவும் நமக்குப் புலப்படவில்லை.