முதுகெலும்பு பாதித்த நாய்க்குச் சிறுநீர் சொட்டுகிறது... என்ன செய்வது?

‘‘தோட்டக் காவலுக்கு வளர்த்த எங்கள் ராஜபாளையம் ஆண் நாய்க்கு இப்போது 11 வயது. முதுகெலும்பில் தேய்மானம் இருப்பதாக எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொன்னார். ஆறு மாதமாகப் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. ஒரு மாதமாகப் படுத்த இடத்திலேயே சிறுநீர் சொட்டுகிறது. சில நாள் மலமும் போய்விடுகிறது. திண்ணை முழுக்க நாற்றம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ‘எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்’ என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. இதற்கு வழி உண்டா?’’

- வாசகி, விருதுநகர் மாவட்டம்.

வழி உண்டு. நாய் வேண்டுமென்று அசுத்தம் செய்யவில்லை என்பதை முதலில் வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போவதும், ‘இப்போது விடலாம்’ என்ற கட்டளை திரும்பி வருவதும் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் வழியாகத்தான். தேய்ந்த எலும்போ, பிதுங்கிய வட்டோ அதை நசுக்கினால் செய்தியும் போகாது, கட்டளையும் வராது. சிறுநீர் போவதே நாய்க்குத் தெரியாது. திட்டினாலும் அடித்தாலும் பயனில்லை.

சொட்டினால் பை காலி என்று அர்த்தமல்ல!

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். ‘சிறுநீர் தானாகப் போய்க்கொண்டுதானே இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி விளிம்பில் வழிவதுபோல, பை நிறைந்து மிச்சம் மட்டுமே வெளியே சொட்டும். உள்ளே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். அது சிறுநீரகம் வரை ஏறினால் நாயின் உயிருக்கே ஆபத்து. பை பல நாள்கள் விரிந்தே இருந்தால் சுருங்கும் பலத்தையும் இழந்துவிடும். எனவே, தினமும் 3, 4 முறை பையைக் கையால் அழுத்திக் காலி செய்வதுதான் முக்கியமான வைத்தியம்.

இதை மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். நாயை நிற்கவைத்தோ, ஒருக்களித்துப் படுக்கவைத்தோ, பின்னங்கால்களுக்குச் சற்று முன்பாக அடிவயிற்றின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்தால், பலூன்போலப் பை தட்டுப்படும். விரல் நுனியால் குத்தாமல், உள்ளங்கையால் மெதுவாக, சீராக அழுத்திப் பின்பக்கமாகத் தள்ள வேண்டும். சிறுநீர் நிற்கும் வரை அழுத்தத்தை விடக் கூடாது. எவ்வளவு அழுத்தியும் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். கல் அடைத்திருந்தால் பை கிழிந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாமே முதுகெலும்பால் வருவதல்ல

இந்த வயதில் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ஆண் நாய்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கம் ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், சிறுநீரும் கூடும். ஒரு மாதமாகத்தான் சொட்டுகிறது என்பதால் சிறுநீர், ரத்தப் பரிசோதனை அவசியம். அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

மனிதர்களுக்கான வலி மாத்திரையையோ, மாட்டுக்குப் போட்டு மீந்த வலி ஊசியையோ நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் கல்லீரல், குடல், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

மற்ற வாசகர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: நன்றாக இருந்த நாய்க்குத் திடீரெனக் கால் இழுத்து, எச்சில் வடிந்து, குரல் மாறி, விழுங்க முடியாமல் போனால் அது வெறிநோயாக இருக்கலாம். தொடாமல், தனியே அடைத்துவிட்டு மருத்துவரிடம் தகவல் சொல்லுங்கள்.

படுக்கையும் தோலும்

ராஜபாளையம் நாயின் தோல் வெளிர் சிவப்பு. சிறுநீர் பட்டால் சீக்கிரம் புண்ணாகும். அந்த ஈரத்தில் ஈ உட்கார்ந்தால் புழுப்புண்ணில் முடியும். பின்பகுதி முடியைக் கத்தரித்துவிடுங்கள். காலை, மாலை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாக களிம்பு வேண்டாம், நக்கினால் நஞ்சு.

நெருக்கமாகப் பின்னிய, அரையடி உயரக் கயிற்றுக் கட்டில் நல்ல படுக்கை. சிறுநீர் கீழே இறங்கிவிடும். அடியில் ஒரு தட்டு வைத்தால் திண்ணையும் நனையாது. மேலே பழைய பருத்தித் துணி விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். நாய் தானாகப் புரண்டு படுக்காவிட்டால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். இரவில் மட்டும் பழைய வேட்டித் துணியை மடித்து வயிற்றில் பட்டையாகக் கட்டலாம். பகல் வெயிலில் கட்டினால் புழுங்கிப் புண் வரும்.

நாய் படுக்கும் இடத்தில் ஃபினாயில் ஊற்றாதீர்கள். சிறுநீர் ஈரத்தின் மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவாதீர்கள். மூச்சை அடைக்கும் நெடி கிளம்பும். சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டாலே நாற்றம் குறையும். நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும். எனவே கையுறை போட்டுச் சுத்தம் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். எலிக்காய்ச்சலுக்கும் வெறிநோய்க்கும் நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

நேரத்துக்குச் சாப்பாடு

சொட்டுகிறதே என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது; சிறுநீர் கெட்டியாகிக் கிருமி கூடும். சாப்பாட்டைத் தினமும் ஒரே நேரத்தில் வைத்தால் மலமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். சாப்பிட்ட அரை மணி நேரத்தில், அடிவயிற்றில் அகலமான துண்டைக் கொடுத்துப் பின்பகுதியைத் தாங்கிப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள். வாலடியில் ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டால் பல நாய்களுக்கு மலம் இறங்கும். எலும்பு வேண்டாம், மலம் இறுகிவிடும்.

சிறுநீரில் ரத்தம், கடும் நாற்றம், வாந்தி, சாப்பிடாமை, 12 மணி நேரம் சிறுநீரே வராமை... இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்காவது கொண்டுபோய் விடலாமா?

கூடாது. எழுந்து நடக்க முடியாத நாய், விட்ட இடத்திலேயே பட்டினியாலும் புழுப்புண்ணாலும் துடித்துச் சாகும். அப்படிக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சாப்பாட்டை ஆவலாகச் சாப்பிடுகிறது, உங்களைக் கண்டால் தலை தூக்குகிறது, வலியில் முனகவில்லை என்றால், இந்தப் பராமரிப்போடு இன்னும் சில காலம் நிம்மதியாக வாழும். சாப்பாட்டை வெறுத்து, மருந்துக்கும் அடங்காத வலியில் ராத்திரி முழுக்க முனகி, புண் ஆறாமலே இருந்தால், வலியில்லாமல் கண் மூடவைப்பது பற்றி மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசலாம். அது கைவிடுவது ஆகாது.

அந்த முடிவு இன்றைக்கே தேவையில்லை. பையை அழுத்திக் காலி செய்ய ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும். வீட்டுக்காரரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அந்த முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பேர் மாறி மாறிச் செய்தால் பாரம் பாதியாகும். திண்ணையும் காய்ந்து கிடக்கும்.