கள்வன் தமிழில் பேசுகின்றான், காவலன்?

இணையக் குற்றவியலும் இணையக் காப்பும் இற்றைநாளில் முதுகலைப் பட்டங்களாகிவிட்டன. பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, இரவில் கணினித் திரையின்முன் அமர்ந்து, வீட்டிலிருந்தவாறே அப்பட்டத்திற்குப் படிக்கின்றனர் தமிழிளைஞர் பலர். ஏற்புப்பெற்ற நிறுவனங்கள் இணையவழி வழங்கும் பட்டம் நேரிற் பயின்று பெறும் பட்டத்திற்கு ஈடானதே எனப் பல்கலைக்கழக நல்கைக்குழுவும் 2022-இல் அறிவித்துவிட்டது. நன்று! கற்கட்டும்! கள்வன் வளர்ந்த அளவிற்குக் காவலனும் வளர்தல் வேண்டும். ஆனால், அக்கல்வி எவரைக் காப்பதற்கு? எம்மொழியில் காப்பதற்கு? இவ்விரு வினாக்களையும் கேட்பார் இல்லை!

2024-ஆம் ஓராண்டில் மட்டும் இந்திய மக்கள் இணைய ஏமாற்றுகளில் இழந்த தொகை 22,845 கோடி உருபாவிற்கும் மேல் என்று நடுவணரசே நாடாளுமன்றத்தில் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டின் தொகை 7,465 கோடி. ஓராண்டில் மும்மடங்கு! இழந்தவர் அனைவரும் பேராசை பிடித்தவரா? அல்லர். ஓய்வூதியத்தை வங்கியிலிட்ட முதியவர். மகள் திருமணத்திற்குச் சேர்த்துவைத்த தாய். நாட்கணக்கில் முதல்புரட்டும் சிறுவணிகர். ‘டிசிட்டல் அரெசுட்டு’ என்று கள்வர் பெயரிட்டழைக்கும் தளைப்பு எந்நாட்டுச் சட்டநூலிலும் இல்லை. எனினும், பொய்ச் சீருடையும் பொய் முத்திரையும் திரையிற் காட்டி அதட்டுங்கால், ஆங்கிலத்தையே ஆட்சிமொழியாகக் கண்டு அஞ்சிப் பழகிய உள்ளம் அடங்கிப்போகின்றது. அச்சத்தை விதைத்தவன் ஒருவன். அறுவடை செய்பவன் மற்றொருவன்!

வங்கி மேலாளன்போல் இனிய தமிழிலேயே பேசிக் கடவெண்ணைக் கறப்பவரும் உளர். கொள்ளையடிப்பதற்குத் தமிழ் வேண்டும் என்பதைக் கள்வன் உணர்ந்துவிட்டான். காப்பதற்குத் தமிழ் வேண்டும் என்பதைக் கற்றவன் உணரவில்லை!

மொழி இங்கே வெற்றுப் பெருமையன்று; காலக்கணக்கு. பறித்த பணம் ஒரு வங்கிக் கணக்கில் தங்குவதில்லை. கூலிக்கு வாங்கிய பல கணக்குகளுக்குள் சில மணித்துளிகளிற் சிதறிவிடுகின்றது. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தால், எஞ்சிய பணத்தை முடக்க வாய்ப்புண்டு. நாணத்தால் குறுஞ்செய்திகளை அழித்துவிட்டால் சான்றே அழிந்துவிடும். இவற்றைத் தெருத்தெருவாகச் சொல்லித்தர வல்லவர் அப்பட்டத்திற்குப் படிப்பவரே.

சான்றின் நிலையும் அத்தகையதே. 2024 சூலை முதல்நாள் நடப்பிற்கு வந்த புதிய சான்றுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கின்றது. கோப்பினின்று கணித்தெடுக்கும் அடையாள எண்ணை அதிற் குறித்தல் வேண்டும். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். பணமிழந்த உழவன் இதனை எங்ஙனம் அறிவான்? சட்டத்தின் பெயரே ‘பாரதிய சாக்சிய அதினியம்’! தமிழன் தன் இழப்பை மெய்ப்பிக்கச் செல்லும் சட்டத்தின் பெயரைக்கூடத் தன் நாவாற் சொல்ல இயலவில்லை.

‘தமிழில் கலைச்சொல் இல்லையே’ என்று சில பட்டதாரிகள் கைவிரிக்கின்றனர். கணினி, இணையம், மென்பொருள், கடவுச்சொல் ஆகியவை எவர் நாவில் இல்லை? 1999-இலேயே சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, விசைப்பலகைக்கு ஒழுங்கு வகுக்க வழிசெய்தது. இணையவழி இழிமொழி பரப்பிய குற்றத்திற்கு எழும்பூர் முறைமன்றம் 2004-இலேயே தண்டனை வழங்கியது. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பேராசிரியர் செய்சங்கர், இணையக் குற்றவியலைத் தனித்துறையாக நிறுவ முனைந்து, 2007-இல் அதற்கெனப் பன்னாட்டு ஆய்விதழும் தொடங்கினார். துறைக்கு வித்திட்ட மண் தமிழ்மண்; அவ்விதழின் மொழியோ ஆங்கிலம்! குறை தமிழிலா? தமிழனிலா?

பட்டத்தை விற்பவர் செயலும் ஆராயத்தக்கது. ‘வேலை உறுதி’ என்று கூவிக் கட்டணம் பறிப்போர் எந்நாளும் உளர். வன்தட்டினைச் சிதையாமற் படியெடுக்கும் பயிற்சி உண்டா, நல்கைக்குழுவின் ஒப்புதல் உண்டா என்று வினவாமற் பணங்கட்டுதல் அறியாமை. இணைய ஏமாற்றைக் கற்கச் சென்றவனே இணையத்தில் ஏமாறுவதோ? 2022-இல் கணினி வேலையென நம்பித் தாய்லாந்து சென்ற தமிழிளைஞர், மியன்மாவின் மியாவடியில் ஏமாற்றுக்கூடங்களில் அடைபட்டு, இணையக் கொள்ளைக்கே கட்டாயப்படுத்தப்பட்டது மறக்கத்தக்கதா?

ஆகவே, பல்கலைக்கழகங்கள் இத்துறைப் பாடநூல்களைத் தமிழில் வெளியிடுக! ஆய்வேடு எம்மொழியிலிருப்பினும் அதன் பயனைத் தமிழில் எழுதுவித்துப் பொதுமக்களுக்கு வழங்குக! கற்கும் இளைஞர், தம் தெருவில் பத்து வீட்டாருக்கேனும் கற்றதைச் சொல்லுக! தாய்க்கு விளக்கத் தெரியாத அறிவு தாயின் பணத்தைக் காவாது. பட்டம் சுவரிற் தொங்கட்டும். அறிவு தமிழில் நடக்கட்டும்!