பொன் தேடியோரும் மீன் பிடித்தோரும்

பசி தாளாமல் தன் சாப்பாத்தையே அவித்து, அதன் ஆணிகளைக் கோழி எலும்பு சூப்புவது போல் சூப்பும் சார்லி சப்ளினைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. 1925இல் வெளிவந்த 'த கோல்ட் றஷ்' என்னும் பேசாப்படத்தில் வரும் காட்சி இது. அந்தச் சாப்பாத்து உண்மையில் அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டதாம். ஆயினும் பசியோடு இரவுகளைக் கழித்த நம்மால் முழுவதுமாகச் சிரிக்க முடிவதில்லை.

பேராசையைப் பிரசங்கமின்றிக் காட்டியதே இப்படத்தின் சிறப்பு. பனிக் குடிசையில் அடைபட்ட ஜிம்முக்குப் பசி மயக்கத்தில் தோழன் சார்லி கோழியாகத் தெரிகிறான். ஜிம்மைத் தாக்கி அவனது தங்கத்தை அபகரிக்க முயன்ற லார்சன் பனிச்சரிவில் மாண்டு போகிறான். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வந்தனின் உவமையை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

கதை கற்பனையானாலும் களம் உண்மையானது. 1896 ஓகஸ்ட் மாதம் வடமேற்குக் கனடாவின் குளொன்டைக் ஆற்றுப் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 100,000 பேர் அதைத் தேடிப் புறப்பட்டனர். அவர்களுள் 30,000 முதல் 40,000 பேர் வரையே போய்ச் சேர்ந்தனர். செல்வந்தரானவர் மிகச் சிலரே. ஓராண்டுக்குப் போதிய உணவு இல்லாதவரைக் கனடியப் பொலிசார் எல்லையைக் கடக்க விடவில்லை. தங்கத்தைத் தின்ன முடியாது என்பதை அரசாங்கம் அறிந்திருந்தது.

ஆனால் படத்தின் கதையில் இடம்பெறாத ஒரு மக்கள் கூட்டம் உண்டு. குளொன்டைக் ஆறு யூக்கொன் ஆற்றோடு கலக்கும் இடத்தில் ஹான் மக்களின் மீன்பிடிக் குடியிருப்பு இருந்தது. சமன் மீனைப் பிடிக்க ஆற்றில் கட்டைகளை அறைந்து பொறி வைப்பார்கள். கட்டை அறையும் அந்தச் சம்மட்டிக் கல்லின் பெயரே ஆற்றுக்கும் பெயராயிற்று. 'குளொன்டைக்' என்பது அப்பெயரின் திரிபே. உலகம் அதைப் பொன்னின் பெயராக நினைக்கிறது; அது உணவு தேடிய உழைப்பாளிகளின் பெயர்.

தங்கம் தேடியோர் வந்து குவிந்ததும் அம்மக்கள் இருந்த இடத்தை விட்டு, ஆற்றோடு சுமார் 5 கிலோமீற்றர் கீழே உள்ள மூஸ்ஹைட்டில் குடியேற நேர்ந்தது. அவர்களின் தலைவர் ஐசக் தூரநோக்கு உள்ளவர். புதியவர்களின் வெள்ளத்தில் தம் பாடல்களும் ஆடல்களும் அழிந்து போகக்கூடும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவிலிருந்த உறவினரிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், 1990களில், சந்ததியினர் அங்கு சென்று அவற்றைத் திரும்பக் கற்றார்கள். 1998இல் காணி உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டார்கள். 1899இலேயே தங்கம் தேடியவர்கள் ஆயிரக்கணக்கில் வேறிடம் நோக்கி ஓடிவிட்டனர். மீன் பிடித்தோரின் பிள்ளைகளோ இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

படத்தின் முடிவில் சார்லி கோடீஸ்வரனாகிறான். அப்போதும் கீழே கிடக்கும் சுருட்டுத் துண்டைக் கண்டதும் பழக்கதோஷத்தால் குனிகிறான். அதைப் பார்த்து நாம் சிரிப்போம், சிரித்தபின் சிந்திப்போம். பணம் வருவதைப் பற்றிய கதைகளில் நிலத்தில் முன்பிருந்தவர்களின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாமே.

உங்கள் வயலின் பெயர், குளத்தின் பெயர், வாய்க்கால் ஓடிய திசை, எந்தக் காணியை யார் விதைத்தார், எல்லையில் நின்ற மரம் எது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதியோர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். அரிவு வெட்டில் பாடிய பாட்டுகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். உறுதி தொலைந்தவர்களுக்கு அது காணி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் ஒருநாள் யாரேனும் வந்து 'இங்கே முன்பு எவரும் இருக்கவில்லை' என்று சொன்னால், மறுத்துரைக்க நம் கையில் ஏதாவது இருக்கும்.